எலும்பு சொல்லும் உயரம்: அடையாளம் தெரியாத சடலங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சுமார் 40 வயது மதிக்கத்தக்க ஆண், உயரம் சுமார் 5½ அடி, மாநிறம்." காட்பாடி ஜங்ஷன் சுவரிலோ பஸ் ஸ்டாண்டிலோ ஒட்டியிருக்கும் நோட்டீஸில் இந்த வரியைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். அந்த 5½ அடி எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று காவலர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் மருத்துவ மாணவர்களும், வீட்டில் ஒருவரைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்களும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில்.

ஒரே ஒரு எலும்பை வைத்து ஆளின் உயரத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

உயரமான ஆளுக்குத் தொடை எலும்பும் நீளமாக இருக்கும். நின்ற உயரத்தில் தொடை எலும்பு ஏறக்குறைய 27 சதவீதம், முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு 22 சதவீதம், மேற்கை எலும்பு 20 சதவீதம். உயரம் தெரிந்த பலரின் எலும்புகளை அளந்து, எலும்பு ஒரு சென்டிமீட்டர் கூடினால் உயரம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து எழுதியதுதான் சூத்திரம். சூத்திரம் தருவது சராசரியை. கையில் இருக்கும் எலும்புக்குச் சொந்தக்காரர் அந்தச் சராசரி ஆளாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை.

எந்த எலும்பு கிடைத்தால் நல்லது?

கால் எலும்பு. தொடை எலும்பு (ஃபீமர்), கீழ்க்கால் எலும்பு (டிபியா) இரண்டும் நின்ற உயரத்துக்குள்ளேயே அடங்குபவை. கை எலும்புகள் அப்படி இல்லாததால் அவற்றில் பிழை கூடுகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் டிராட்டரும் கிளெசரும் 1952-இல் வெளியிட்ட சூத்திரங்களில் வெள்ளை அமெரிக்க ஆண்களின் ஃபீமருக்குப் பிழை 3.27 செ.மீ.; மேற்கை எலும்புக்கு (ஹியூமரஸ்) 4.05, முன்கையின் ரேடியஸ், அல்னா இரண்டுக்கும் 4.32.

இருக்கிற எல்லா எலும்புக்கும் கணக்குப் போட்டு, விடைகளைக் கூட்டி சராசரி எடுப்பது நம்மிடம் பரவலாக இருக்கும் பழக்கம். அது தவறு. பிழை குறைவான எலும்பின் விடை ஏற்கெனவே கையில் இருக்கும்போது, பிழை கூடிய எலும்பின் விடையை அதோடு கலப்பதால் லாபம் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட முடியுமா?

43.2 செ.மீ. நீளமுள்ள ஆணின் ஃபீமர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழக்கத்தில் உள்ள ஐந்து வழிகளில் கணக்குப் போட்டால்:

பியர்சன் (1899): 81.306 + 1.880 × 43.2 = 162.5 செ.மீ.
டிராட்டர்–கிளெசர், வெள்ளை அமெரிக்க ஆண்: 61.41 + 2.38 × 43.2 = 164.2
டிராட்டர்–கிளெசர், மங்கோலிய இன ஆண்: 72.57 + 2.15 × 43.2 = 165.4
பான் (1924), கிழக்கிந்தியா, எலும்பின் நீளத்தைப் பெருக்கும் எண் (பெருக்கு எண்) 3.82: 165.0
நாத் (1931), உத்தரப் பிரதேசம், பெருக்கு எண் 3.7: 159.8

எலும்பு ஒன்றுதான், விடைகள் 160-க்கும் 165½-க்கும் நடுவே சிதறிக் கிடக்கின்றன. "உயரம் 164 செ.மீ." என்று மட்டும் எழுதிய அறிக்கை அரைகுறை அறிக்கை. எந்த எலும்பு, வலதா இடதா, எத்தனை செ.மீ., யாருடைய சூத்திரம், எந்தப் பாலினத்துக்கு உரியது என்று ஐந்தும் இருந்தால்தான் அடுத்தவர் சரிபார்க்க முடியும்.

பெருக்கு எண் சுலபமாக இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

நடுத்தர உயரம் உள்ளவர்களுக்கு ஓடிவிடும். இரண்டு ஓரங்களிலும் கவிழ்த்துவிடும். 48 செ.மீ. ஃபீமரை 3.82-ஆல் பெருக்கினால் 183.4 செ.மீ. அதே எலும்புக்கு டிராட்டர்–கிளெசர் சூத்திரம் 175.7 தருகிறது, பியர்சன் 171.5. மறுபக்கம் 39 செ.மீ. எலும்புக்குப் பெருக்கு எண் 149 சொல்லும். மற்ற இரண்டும் 154-க்கு மேல். நெட்டையானவரை இன்னும் நெட்டையாகவும் குட்டையானவரை இன்னும் குட்டையாகவும் காட்டுவதுதான் பெருக்கு எண்ணின் குணம். உயரம் கூடக் கூட உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே விகிதத்தில் நீள்வதில்லை என்பது காரணம்.

± 3.27 என்றால் ஆள் அந்த வரம்புக்குள் கட்டாயம் இருப்பாரா?

இல்லை. மூன்றில் இரண்டு பேர்தான் அதற்குள் அடங்குவார்கள். நூற்றுக்கு 95 பேரை அடக்க வேண்டுமானால் அதை இரட்டிப்பாக்க வேண்டும். மேலே பார்த்த எலும்புக்கு 164.2 ± 6.5, அதாவது 158 முதல் 171 செ.மீ. வரை. அடியில் சொன்னால் 5 அடி 2 அங்குலத்திலிருந்து 5 அடி 7 அங்குலம். "ஊரில் பாதி ஆம்பளைங்க இதற்குள் வந்துவிடுவார்களே" என்று கேட்பது நியாயம்தான். வரம்பைச் சுருக்கி எழுதி நிஜமான ஆளை வெளியே தள்ளுவதைவிட அகலமாக எழுதி உள்ளே வைத்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டுக்காரருக்கு எந்தச் சூத்திரம்?

பியர்சன் கணக்கிட்டது ரோலே என்பவர் பிரான்ஸின் லியோன் நகரில் அளந்த 50 ஆண், 50 பெண் சடலங்களின் அளவை வைத்து. டிராட்டர்–கிளெசர் சூத்திரங்களின் பின்னால் இருப்பவர்கள் இரண்டாம் உலகப் போரிலும் கொரியப் போரிலும் இறந்த அமெரிக்கப் படைவீரர்களும், அமெரிக்காவில் ஆய்வுக்காகச் சேர்த்துவைத்த டெர்ரி தொகுப்பு எலும்புக்கூடுகளும். பானும் நாத்தும் அளந்தது வட, கிழக்கு இந்தியர்களை. கால் நீளத்துக்கும் உடல் நீளத்துக்கும் உள்ள விகிதம் மக்களுக்கு மக்கள் மாறும். தலைமுறைக்குத் தலைமுறையும் மாறும். பேரன் தாத்தாவைவிட வளர்த்தியாக இருப்பது வீட்டுக்கு வீடு தெரிந்த சங்கதி.

தென்னிந்தியர்களிடம் அளந்து எடுத்த சூத்திரம் கையில் இருந்தால் அதற்கே முதலிடம். பழைய சூத்திரத்தைத்தான் போட வேண்டியிருந்தால், குறைந்தது இரண்டைப் போட்டு, இரண்டு விடையையும் எழுதுங்கள். பிடித்த விடையை மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறைக்கக் கூடாது.

எலும்பை எப்படி அளக்க வேண்டும்?

பிழையில் பெரும்பங்கு பிறப்பது இங்கேதான். தையல்காரர் டேப்பை எலும்பின் வளைவோடு படியவைத்து அளந்தால் நீளம் கூடிவிடும். எலும்பு அளக்கும் பலகை வேண்டும்: ஒரு முனையில் அசையாத நிற்பலகை, மறுமுனையில் நகரும் பலகை, நடுவே மி.மீ. கோடுகள். அது இல்லாவிட்டால் சுவரோரம் மேஜையைப் போட்டு, சுவரை ஒரு முனையாகவும் கனமான ஒரு மரக்கட்டையை மறு முனையாகவும் வைத்து, நடுவே இரும்பு ஸ்கேலால் அளக்கலாம்.

ஃபீமரைப் பின்பக்கம் கீழே படும்படி கிடத்தி, முழங்கால் பக்கத்து உள் குமிழை அசையாத பலகையில் முட்டக்கொடுத்து, நகரும் பலகையை இடுப்புப் பந்தில் தொடவையுங்கள். பிறகு எலும்பை மெல்ல இப்படியும் அப்படியும் அசைத்து, எந்த நிலையில் நீளம் மிக அதிகமோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு குமிழும் பலகையில் படும்படி வைத்து அளப்பது வேறு அளவு. அது சில மி.மீ. குறைவாக வரும். சூத்திரம் எதைக் கேட்கிறது என்று பார்த்துக் கொடுங்கள்.

டிபியாவில் ஒரு பழைய சிக்கல் இருக்கிறது. அதன் மேல்முனையில் நடுவே துருத்தும் கூம்பைச் சேர்க்கக் கூடாது; கீழ்முனையில் உள் கணுக்காலின் கூர்முனையைச் சேர்க்க வேண்டும் என்பது பாடம். டிராட்டர் அப்படி எழுதிவிட்டு, அளக்கும்போது கணுக்கால் கூர்முனையை விட்டுவிட்டார் என்று 1995-இல் ஜான்ட்ஸும் மற்றவர்களும் காட்டினார்கள். ஆக, புத்தகம் சொல்கிறபடி கூர்முனையோடு அளந்து, 1952 சூத்திரத்தில் போட்டால் உயரம் 2½ முதல் 3 செ.மீ. வரை அதிகமாக வரும். ஃபீமர் இருக்கும்போது அந்தச் சூத்திரத்துக்கு டிபியாவைத் தேடிப் போக வேண்டாம்.

ஈர எலும்பு காய்ந்தால் ஓரிரு மி.மீ. குறையும், முனைக் குருத்தெலும்பு போனால் இன்னும் குறையும். எந்த நிலையில் அளந்தது என்றும் ஒரு வார்த்தை எழுதிவையுங்கள்.

முழு எலும்புக்கூடே கிடைத்தால்?

அப்போது சூத்திரம் இரண்டாம்பட்சம். ஃபுல்லி 1956-இல் தந்த முறையில், உயரத்துக்குப் பங்கு தரும் எலும்புகள் எல்லாவற்றையும் அளந்து கூட்டுவார்கள்: மண்டையோட்டின் உயரம், கழுத்தின் இரண்டாம் முள்ளெலும்பு தொடங்கி இடுப்பு வரை ஒவ்வொரு முள்ளெலும்பின் முன்பக்க உயரம், முதுகெலும்பின் அடியில் உள்ள திருவெலும்பின் முதல் துண்டு, ஃபீமர், டிபியா, பிறகு கணுக்கால் எலும்பையும் குதிகால் எலும்பையும் ஒன்றின்மேல் ஒன்று பொருத்திய உயரம். தசை, குருத்து, தோலுக்காகச் சேர்க்க வேண்டியதை 2006-இல் ராக்ஸ்டர் குழுவினர் திருத்தினார்கள்: கூட்டுத்தொகை × 1.009, அதில் வயது × 0.0426-ஐக் கழித்து, 12.1 சேர்க்க வேண்டும். கூட்டுத்தொகை 150 செ.மீ., வயது 45 என்றால் உயரம் 161.5. பிழை சுமார் 2.2 செ.மீ.தான். ஆணா பெண்ணா, எந்த ஊர் என்ற கேள்விகள் இதில் பெரிதாகக் குறுக்கே வராது.

ஒன்றிரண்டு முள்ளெலும்பு காணாமல் போயிருந்தால் மேலும் கீழும் உள்ளவற்றை வைத்து நிரப்பலாம். அதற்காகவே, தோண்டி எடுக்கும்போது மண்ணைச் சலித்துவிட வேண்டும். பெரிய எலும்புகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு சின்னதுகளைக் குழியிலேயே விட்டுவந்தால் இந்த முறைக்குள்ளேயே போக முடியாது.

முழு உடலாகவே கிடைத்தால் டேப் போதுமே?

நெற்றி, மார்பு, வயிறு என்று மேலாக ஓட்டிய டேப் தரும் அளவு எப்போதும் அதிகம். உடலை மல்லாத்தி, தலை உச்சியில் ஒரு பலகையும் குதிகாலில் ஒரு பலகையும் நிறுத்தி, நடுவே தரையில் அளக்க வேண்டும். பாதம் முன்னே சரிந்திருக்கும். குதிகால்தான் கணக்கு, விரல் நுனி இல்லை. விறைப்பில் முழங்கால் மடங்கியிருந்தால் தலையிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால் என்று பகுதி பகுதியாக.

படுத்திருக்கும் சடலம், அதே ஆள் உயிரோடு நின்ற உயரத்தைவிடச் சற்று நீளமாக இருக்கும். தசை தளர்ந்து, முதுகெலும்பின் வளைவு நிமிர்வதுதான் காரணம். டிராட்டரும் கிளெசரும் இதற்கு 2.5 செ.மீ. கழித்தார்கள். உயிரோடு இருப்பவரே காலையைவிட மாலையில் ஒரு செ.மீ.க்கு மேல் குறைந்திருப்பார் என்பதை நினைத்தால் இது வியப்பில்லை.

காட்பாடி–ஜோலார்பேட்டை தண்டவாளத்தில் கையோ காலோ மட்டும் கிடைத்தால்?

முதலில், ஓர் ஆளுடையதுதானா என்று பாருங்கள். இரண்டு துண்டிலும் ஒரே எலும்பு இருந்தால், வலது இடது ஜோடியா என்று நீளமும் பருமனும் ஒப்பிட்டுத் தீர்மானிக்கலாம். பிறகு கைவசம் இருப்பதைப் பொறுத்து:

முழங்கையின் முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை உள்ள நீளம் உயரத்தில் 19-இல் 5 பங்கு. 43 செ.மீ. இருந்தால் உயரம் 163 செ.மீ. உச்சந்தலையிலிருந்து தாடை நுனி வரை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. இரு கைகளையும் விரித்த நீளம் உயரத்துக்குச் சமம் என்பார்கள். நம் ஆண்களுக்கு அது பொதுவாக உயரத்தைவிடச் சில செ.மீ. கூடுதலாகவே வரும். எல்லாமே பாடப்புத்தக விகிதங்கள், அவசரத்துக்கு ஆகும். கால் துண்டு இருந்தால் எக்ஸ்ரே எடுத்தோ சதையை நீக்கியோ டிபியாவை அளப்பதே மேல்.

விகித முறையில் சின்னத் தவறு பெரிதாகப் பெருகும். தலையை அரை செ.மீ. தப்பாக அளந்தால் உயரம் 3½ செ.மீ. தப்பும்.

பாலாற்று மணலில் கால்தடம், ஓரத்தில் ஒரு ஷூ. உயரம் சொல்லலாமா?

பாதத்தின் நீளம் உயரத்தில் சுமார் 15 சதவீதம். 25 செ.மீ. பாதத்தை 0.15-ஆல் வகுத்தால் 166.7 செ.மீ. அந்த ஆளின் விகிதம் 14.5 என்றால் 172, 15.5 என்றால் 161. பாத நீளத்தில் அரை செ.மீ. தவறினால் உயரம் 3.3 செ.மீ. நகரும்.

தடத்தை அப்படியே பாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. சிமெண்ட் தரையில் ஈரக்காலின் தடம் பாதத்தைவிடக் குறைவாக இருக்கும், ஏனென்றால் குதிகாலின் பின்வளைவும் விரல் நுனியும் தரையைத் தொடுவதில்லை. பாலாற்றின் காய்ந்த மணலில் ஓரம் சரிந்து தடம் பெரிதாகிவிடும். ஓடியவரின் தடம் வழுக்கி இன்னும் நீளும். ஈர மணலில், நடந்துபோன வரிசையில், நாலைந்து தடங்களை அளந்து தெளிவானவற்றை மட்டும் எடுங்கள்.

ஷூ என்றால் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களிடம் கேட்கலாம். உள்ளே 8 / 42 என்று எண் இருக்கும். ஆங்கில அளவில் ஒரு நம்பருக்கு மூன்றில் ஒரு அங்குலம். 8-ஆம் நம்பர் லாஸ்ட், அதாவது ஷூ தைக்கும் கால் அச்சு, 11 அங்குலம், 27.9 செ.மீ. ஐரோப்பிய அளவில் ஒரு நம்பருக்கு மூன்றில் இரண்டு செ.மீ.; 42-க்கு 28 செ.மீ. இரண்டும் ஒன்றுதான். ஆனால் அச்சு, காலைவிட 1½ முதல் 2 செ.மீ. நீளம். கால் 26–26.5 இருக்கலாம், உயரம் 173 முதல் 177. அதுவும் தன் நம்பரைச் சரியாகப் போடுகிறவராக இருந்தால். ஒரு நம்பர் பெரிதாகப் போடும் ஆள் என்றால் 5½ செ.மீ. பறந்துவிடும். இரவல் செருப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எரிந்த எலும்பு?

700–800 டிகிரிக்கு மேல் வெந்து வெளுத்த எலும்பு சுருங்கும். 10 சதவீதம் சுருங்கினாலும் வியப்பில்லை. எவ்வளவு சுருங்கியது என்று திருப்பிக் கணக்கிட நம்பகமான வழி இல்லை. உயரம் எழுதாமல் விடுவதே நேர்மை. கருகி, உள்ளே வேகாமல் இருக்கும் எலும்பு வேறு, அதை அளக்கலாம்.

உடைந்த எலும்பின் துண்டிலிருந்து முழு நீளத்தைக் கணக்கிடும் முறைகள் உண்டு, ஸ்டீல் 1970-இல் தந்தது போல. ஆனால் அங்கே பிழையின் மேல் பிழை ஏறுகிறது.

சிறுவர்களுக்கு?

பெரியவர்களின் சூத்திரத்தைப் போடவே கூடாது. எலும்பு முனைகள் ஒட்டாமல் தனியாக இருந்தால் வளர்ச்சி முடியவில்லை. அங்கே பற்களை வைத்து வயதைச் சொல்வதுதான் பயன்.

வயதானவர், கூன் விழுந்தவர், கால் சூம்பியவர்?

கால் எலும்பு குறுகுவதில்லை, முதுகுதான் குறுகுகிறது. அதனால் சூத்திரம் சொல்வது அவருடைய வாலிப வயது உயரம். டிராட்டர்–கிளெசர் கணக்கில் 30 வயதுக்கு மேல் ஆண்டுக்கு 0.06 செ.மீ. கழிக்க வேண்டும், 60 வயதுக்காரருக்கு 1.8 செ.மீ. முதுகெலும்புக் காசநோயால் கூன் விழுந்தவருக்கு இந்தக் கழிவு எந்த மூலைக்கும் காணாது.

போலியோவால் ஒரு கால் சூம்பியவரின் அந்தக் காலை மட்டும் அளந்தால் ஆள் குள்ளமாகிவிடுவார். இரண்டு பக்கமும் கிடைத்தால் இரண்டையும் அளக்கச் சொல்வது இதற்காகவே. தொழுநோயில் உணர்விழந்த கால்களில் விரல் எலும்புகள் கரைந்து பாதம் குட்டையாகும். 15 சதவீதக் கணக்கு அங்கே செல்லாது. தொழுநோய் சிகிச்சைக்குப் பேர்போன கரிகிரி மருத்துவமனை இருக்கும் வேலூர் மாவட்டத்தில் இதை நினைவில் வைக்க வேண்டும். உடலோடு எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு கிடைத்தால் அதுவே துப்பு: தொழுநோயாளிகளுக்கும் சர்க்கரை நோயால் கால் மரத்தவர்களுக்கும் தரப்படும் செருப்பு அது. எலும்புக்குள் பிளேட்டோ ஆணியோ இருந்தால் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரக் கணக்கு பத்துப் போட்டாலும் அந்த ஒரு எண்ணுக்கு ஈடாகாது.

காணாமல் போனவரின் உயரத்தைப் புகாரில் எப்படிச் சொல்வது?

இந்தப் பக்கம் நடக்கும் தவறுகள் எலும்புப் பக்கத் தவறுகளைவிடப் பெரியவை. "5.4" என்று எழுதுவார்கள். 5 அடி 4 அங்குலம் என்றால் 162.6 செ.மீ.; கணினியில் ஏற்றுபவர் 5.4 அடி என்று படித்தால் 164.6. இரண்டு செ.மீ. போனால் போகட்டும். "5.10" என்று எழுதியது 5.1 அடியாக மாறினால் 177.8 செ.மீ. ஆள் 155.4 ஆகிவிடுகிறார், 22 செ.மீ. வித்தியாசத்தில் பொருந்த வேண்டிய சடலம் பொருந்தாமல் போகும். புள்ளி வைக்காமல் "5 அடி 10 அங்குலம்" என்று எழுதுங்கள்.

ஆதாரில் உயரம் இல்லை. ராணுவத்தில் இருந்தவரானால் பணி விடுவிப்பு ஆவணத்தில் இருக்கும். கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர்களில் இது நல்ல வழி. போலீஸ் தேர்வுக்குப் போனவருக்கும் அளந்திருப்பார்கள். எதுவும் இல்லாவிட்டால், எந்த நிலைவாசலில் நின்றால் தலை எங்கே வரும் என்று வீட்டில் உள்ளவரைக் காட்டச் சொல்லி அந்த இடத்தை அளக்கலாம். "நல்ல வளர்த்தி" என்று அம்மா சொல்வதைவிட அது நம்பகமானது.

மாவட்டத்தையும் பாருங்கள். பழைய வடஆற்காடு 1989-இல் பிரிந்தது, வேலூர் 2019-இல் மூன்றானது. காட்பாடியில் காணாமல் போனவர் ஜோலார்பேட்டையில் கிடைத்தால் புகார் வேலூர் மாவட்டத்திலும் சடலம் திருப்பத்தூர் மாவட்டத்திலும் இருக்கும்.

நிலத்தில் மண் எடுக்கும்போது எலும்பு வந்தது. கொலையா?

மாட்டெலும்பாக இருக்கலாம், பழைய இடுகாடாக இருக்கலாம். பையம்பள்ளி போன்ற கற்கால, பெருங்கற்கால இடங்கள் உள்ள பகுதி இது. கழுவாமல், நகர்த்தாமல், கிராம நிர்வாக அலுவலருக்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள்.

உயரம் பொருந்திவிட்டது. அவர்தானே?

இல்லை. உயரம் ஆட்களை விலக்கப் பயன்படும். 158–171 வரம்பு வந்திருக்கும்போது, அளந்த ஆவணத்தில் 180 செ.மீ. உள்ளவரின் கோப்பைத் தள்ளிவைக்கலாம். 165 செ.மீ. உள்ள பத்துப் பேரில் யார் என்பதை அது சொல்லாது, பல், டி.என்.ஏ., கைரேகை சொல்லும். நீதிமன்றத்தில் இது நிபுணர் கருத்தாகவே ஏற்கப்படும், முன்பு சாட்சியச் சட்டம் 45, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியம் 39-ஆம் பிரிவின்படி. குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே "யாருடைய சூத்திரம், பிழை எவ்வளவு?" என்றுதான் வரும்.

டி.என்.ஏ.வுக்கும் எலும்பு வேண்டும், அளக்கவும் வேண்டும். எது முதலில்?

அளவு முதலில். ஃபீமரின் நடுத்தண்டிலிருந்துதான் பெரும்பாலும் மாதிரி வெட்டுவார்கள். ரம்பம் தின்ற மி.மீ.யும் துண்டும் போன பிறகு இரு முனைகளையும் சேர்த்துவைத்து அளக்க முடியாது. பலகையில் வைத்து, ஸ்கேலோடு போட்டோ எடுத்து, மூன்று முறை அளந்து எழுதிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். சதை நீக்குவதற்காக நெடுநேரம் கொதிக்க வைத்தால் டி.என்.ஏ. கெடும் என்பதால், மாதிரியை எடுத்து உறையிட்டு சீல் வைத்த பிறகே மீதி எலும்புகளைச் சுத்தம் செய்யலாம். சீல் வைத்த பொட்டலத்தின் மேல் "இடது ஃபீமர், அளந்தாயிற்று, 43.2 செ.மீ." என்று எழுதிவிட்டால், அடுத்த கையில் எடுப்பவர் அறுந்த எலும்பை மறுபடி அளக்கப் போக மாட்டார்.